பழைய காருக்கு ஒட்டுத்தகடு வைக்கும்போது ஓட்டை விழுவதும் தகடு நெளிவதும் எதனால்?

நீலவண்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாற்பது ஆண்டுப் பழைய செடான் கார் ஒன்றை ஓய்வு நாட்களில் சிறிது சிறிதாகச் சீர்செய்து வருகிறேன். எஞ்சினையும் இருக்கைகளையும் கழற்றியாகிவிட்டது. இப்போது வெறும் கூடுதான் நிற்கிறது. ஓட்டுநரின் காலடித் தளம், கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் சில் பெட்டி, பின்சக்கர வளைவின் வெளித்தகடு ஆகிய மூன்று இடங்களிலும் துரு தகட்டைத் துளைத்துவிட்டது.

முதலில் காலடித் தளத்தில் கை வைத்தேன். 1 மி.மீ. தகட்டில் ஓர் ஒட்டு வெட்டி, பழைய தகட்டின்மேல் இரண்டு சென்டிமீட்டர் ஏறி உட்காரும்படி வைத்து, வாயு தேவைப்படாத ஃபிளக்ஸ் கோர் கம்பியால் பற்றவைத்தேன். புதுத் தகட்டின் பக்கம் நன்றாகப் பிடிக்கிறது. பழைய தகட்டின் பக்கத்தில் தொட்ட மாத்திரத்தில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையை அடைக்கப் போனால் அது இன்னும் பெரிதாகிறது. இயந்திரத்தின் அளவை மிகக் குறைத்துப் பார்த்தேன். அப்போது உலோகம் தகட்டில் இறங்காமல் மேலேயே மணிமணியாக உட்கார்ந்துகொள்கிறது.

சக்கர வளைவில் நேர்ந்தது இதைவிட வருத்தம் தருகிறது. உள்ளங்கை அளவுள்ள ஓர் ஒட்டை வைத்து, பக்கத்துக்குப் பக்கம் ஒரே இழுப்பாகப் பற்றவைத்துக்கொண்டு போனேன். ஆறிய பிறகு பார்த்தால் வெல்ட் ஓடிய வரி உள்வாங்கியிருக்கிறது; அதற்கு அப்பால் தகடு புடைத்துக்கொண்டு, விரலால் அழுத்தினால் ‘டக்’கென்று உள்ளே போய், விட்டதும் வெளியே வருகிறது. பட்டி போட்டு மறைக்க எனக்கு மனமில்லை. இந்த வண்டியை இன்னும் பல ஆண்டுகள் வைத்திருக்க விரும்புகிறேன்.

ஒட்டுத்தகட்டை மேலே ஏற்றி வைப்பது சரியா, அல்லது விளிம்போடு விளிம்பு சேர்த்து வைப்பதுதான் சரியா? சில் பெட்டியை இன்னும் தொடவில்லை. அதை வெட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை எவை என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தகட்டுவேலை எழுதியது:

வணக்கம். நீங்கள் விவரித்திருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், ஓட்டை விழுவதற்கு உங்கள் கையோ இயந்திரமோ முதற்காரணம் அன்று. இன்னும் வெட்டி எடுத்திருக்க வேண்டிய தகட்டின்மேல் நீங்கள் பற்றவைத்துக்கொண்டிருக்கிறீர்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் அரைவாசி கரைந்துபோன தகடுகூடக் கண்ணுக்குத் தடிப்பாகவே தெரியும். அந்த இடத்தில் மிஞ்சியிருக்கும் நல்ல இரும்பு 0.4 மி.மீ. மட்டும் என்றால், 1 மி.மீ. தகட்டுக்கென்று வைத்த வெப்பத்தை அது எப்படித் தாங்கும்? கம்பித் தூரிகையால் இருபுறமும் சுரண்டி, கூரான குத்தூசியால் சுற்றிலும் அழுத்திக் குத்திப் பாருங்கள். அடியில் கை விளக்கைப் பிடித்தால் ஊசிமுனைத் துளைகள் நட்சத்திரங்களைப்போல் தெரியும். அந்தத் துளைகள் அறவே தெரியாத எல்லையைக் கண்டு, அதிலிருந்தும் ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். ஒட்டு பெரிதாகிறதே என்று தயங்க வேண்டாம். சிறிய ஒட்டைப் பலமுறை வைப்பதைவிட, பெரிய ஒட்டை ஒருமுறை வைப்பது எளிது.

அடுத்தது கம்பி. ஃபிளக்ஸ் கோர் கம்பி திறந்தவெளியில் தடித்த இரும்புக்கு நல்லது. ஆனால் மெல்லிய உடல்தகட்டுக்கு அது அளவுக்கு மீறிய சூட்டைக் கொடுக்கும், தெறிப்பும் அதிகம். 0.6 மி.மீ. திடக் கம்பியும், ஆர்கானுடன் ஏறத்தாழ கால் பங்கு கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவும் இருந்தால் வேலை வேறு மாதிரி ஆகிவிடும். இங்கே பலர் தவறவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஃபிளக்ஸ் கோர் கம்பியில் வெல்டிங் துப்பாக்கி எதிர்முனையில் (மைனஸ்) இருக்கும், வாயுவோடு திடக் கம்பிக்கு மாறும்போது துப்பாக்கியை நேர்முனைக்கு (பிளஸ்) மாற்றியே ஆக வேண்டும். அதை மாற்றாமல் ஓட்டினால், கம்பி தகட்டில் இறங்காமல் மேலேயே குவியும். பிறகு வேறெங்கோ குறையைத் தேடிக்கொண்டிருப்போம்.

இப்போது நெளிவுக்கு வருகிறேன். எஃகு, 100 மி.மீ. நீளத்துக்கு, ஒவ்வொரு 100 டிகிரி செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.12 மி.மீ. நீளும். உருகும் வரியை ஒட்டிய உலோகம் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாகும்போது நீள முயல்கிறது. ஆனால் சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடு அதை நீளவிடாமல் பிடித்துக்கொள்கிறது. போக வழியில்லாத அந்த மென்மையான உலோகம் தனக்குள்ளேயே நெருங்கித் தடிக்கிறது. ஆறும்போது அது முன்னிருந்த நீளத்துக்குத் திரும்பாமல் அதைவிடக் குறுகிவிடுகிறது. வரி உள்வாங்குவதும் அதற்கப்பால் தகடு தளர்ந்து ‘டக்’கென்று ஆடுவதும் இதனால்தான். புடைத்திருக்கும் இடத்தை எவ்வளவு தட்டினாலும் பயன் இல்லை. குறை இருப்பது புடைப்பில் அல்ல, குறுகிப்போன வரியில். வெல்டின் மேடு தகட்டுக்குச் சற்று மேலே நிற்கும் அளவுக்குத் தேய்த்துவிட்டு, பின்னால் டாலியை (கையில் பிடிக்கும் கனத்த இரும்புக் கட்டி) சரியாகப் பிடித்து, வரியின் மேலேயே சுத்தியலால் தட்டுங்கள். இரண்டு இரும்புக்கும் நடுவே நசுங்கும் உலோகம் மீண்டும் விரியும், ஆட்டம் அடங்கும். உங்கள் சக்கர வளைவை இப்படியே மீட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். பின்புறம் கை நுழையுமானால் கண்டிப்பாக முயன்று பாருங்கள்.

அடுத்த ஒட்டில் இந்த நிலை வராமலிருக்க, முதலில் அட்டையில் அச்சு எடுத்து ஒட்டை வெட்டி, தேவையான வளைவையும் கொடுத்துவிடுங்கள். மூலைகளைக் கூராக விடாமல் உருட்டிவிட வேண்டும். பிறகு அந்த ஒட்டையே வண்டியின்மேல் வைத்து, ஊசியால் அதன் விளிம்பைக் கீறி, கீறலின் உட்புறமாக வெட்டி, அரத்தால் அராவிப் பொருத்துங்கள். துளையை முதலில் வெட்டிவிட்டு அதற்கேற்ற ஒட்டைத் தேடுவது பெரும் துன்பம். இரண்டு விளிம்புகளுக்கும் இடையே தகட்டின் தடிப்பளவுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பற்றவைக்கும்போது இழுப்பே வேண்டாம்: ஒரு நொடி மட்டும் நீளும் ஒரு டேக் (சிறு புள்ளி வெல்ட்), அடுத்தது எதிர்ப்பக்கத்தில், இப்படி மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் சுற்றி வந்துவிட்டு, வெறுங்கையை வைக்க முடியும் அளவுக்கு ஆறிய பிறகே இடைவெளிகளைப் பாதிபாதியாக நிரப்ப வேண்டும். உள்ளங்கை அளவுள்ள ஒட்டுக்கு ஒரு முழு மாலை ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். இடைவெளி சற்று அகன்றுவிட்ட இடத்தில் பின்னால் ஒரு செப்புத் துண்டை அழுத்திப் பிடியுங்கள். செம்பு வெப்பத்தை விரைவாக இழுத்துக்கொள்ளும், எஃகு அதில் ஒட்டாது.

கதவிடைவெளி எழுதியது:

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை நான் ஒப்புக்கொள்கிறேன். வெளித்தகட்டில் விளிம்போடு விளிம்பு சேர்ப்பதே முறை. ஏற்றி வைத்தால் இரண்டு தகடுகளுக்கும் நடுவே நீர் புகுந்து தங்கி, சில மழைக்காலங்களில் அதே கோட்டில் துரு எழும்பும். ஆனால் இந்த விதியைக் காலடித் தளத்துக்கும் அப்படியே பொருத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. தொழிற்சாலையிலேயே தளத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித்தான் இணைத்திருக்கிறார்கள். ஏற்றம் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருந்து, அடியிலும் மேலேயும் விளிம்பு மூடப்பட்டு, இணைப்பு அடைப்பான் சரியாகப் பூசப்பட்டால் அது நீண்ட காலம் நிற்கும். பழைய துருவின்மேல் ஏற்றுவதுதான் கூடாது.

நான் எழுத வந்தது சில் பெட்டியைப் பற்றி. அது அழகுக்காக வைத்த தகடு அன்று. கூரையும் தூண்களும் தளமும் ஒன்றாக நிற்பது அதைப் பற்றிக்கொண்டுதான். என் முதல் வண்டியில், தூக்கித் தாங்கிகளின்மேல் நிறுத்திவிட்டு, வெளிச் சில்லையும் உள்தகட்டையும் ஒரே நாளில் அறுத்தெடுத்தேன். புதியதைப் பற்றவைத்து முடித்துக் கதவை மாட்டியபோது, கீல் பக்கத்தில் சரியாக இருந்த இடைவெளி பூட்டின் பக்கம் 6 மி.மீ. குறைந்திருந்தது. கூடு நடுவில் தொய்ந்து, தொய்ந்த நிலையிலேயே நான் அதைப் பூட்டிவிட்டேன். முழுவதையும் மறுபடி அறுக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டு மாத உழைப்பை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. வேறு ஒருவருக்கு அது நேரக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆகவே வெட்டுவதற்கு முன், வண்டி சக்கரத்தில் நிற்கும்போது அதன் எடை எங்கே இறங்குமோ, அந்த சஸ்பென்ஷன் இடங்களில் தாங்கிகளை வையுங்கள். கதவு மாட்டியிருக்கும்போதே நான்கு பக்க இடைவெளிகளையும் அளந்து சுவரில் எழுதிவையுங்கள். பிறகு கதவு வாயிலின் குறுக்கே, முன்தூணிலிருந்து நடுத்தூணுக்குச் சதுரக் குழாயால் இரண்டு முட்டுகள் கொடுத்து, எளிதில் அறுத்தெடுக்கக்கூடிய சிறிய டேக்குகளால் நிறுத்துங்கள். ஒரே நேரத்தில் ஒரு பக்கம் மட்டும், அதிலும் ஓர் அடுக்கு மட்டும் திறக்க வேண்டும். உள்தகடு உறுதியாகும் வரை வெளித்தகட்டைப் பற்றி நினைக்காதீர்கள். டேக் நிலையிலேயே கதவை மாட்டிச் சாத்திப் பாருங்கள். அப்போது தவறு தெரிந்தால் கிரைண்டரால் பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

சில்லின் மேல், கீழ் விளிம்புகளில் தொழிற்சாலை ஸ்பாட் வெல்ட் (தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைக்கும் வெல்ட்) இருக்கும். அதற்கு ஈடாக, புதுத் தகட்டின் விளிம்பில் 6 முதல் 8 மி.மீ. வரையிலான துளைகளைப் போட்டு, அடித்தகட்டோடு இறுகக் கவ்விப் பிடித்து, துளையின் நடுவில் தொடங்கி வெளியே சுற்றி வெல்டால் நிரப்புங்கள். பழைய புள்ளிகள் எத்தனை இருந்தனவோ அதற்குக் குறையக் கூடாது. இருக்கைப் பட்டை பூட்டும் இடமும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடமும் துருவுக்குள் அகப்பட்டிருந்தால், அந்தப் பகுதியை மட்டுமாவது தேர்ந்த ஒருவரிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள். உங்களுடைய வண்டியின் வயதுக்கு அது சாதாரண மென் எஃகாகத்தான் இருக்கும். புதிய வண்டிகளில் வரும் மிகுவலிமை எஃகு வெல்டிங் சூட்டில் வலுவிழந்துவிடும் என்பதால், அவற்றுக்குத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்க்காமல் இம்முறையைப் பின்பற்றக் கூடாது.

மூன்றாம்கியர் எழுதியது:

பாதுகாப்பைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சேர்க்கிறேன். துத்தநாகம் பூசிய தகட்டில் வெல்ட் வைத்தால் வெள்ளைப் புகை எழும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். எஃகு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். ஆகவே அது புகையாகாமல் தப்ப வழியே இல்லை. அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பூச்சைத் தேய்த்துவிட்டு, காற்றோட்டமும் உரிய முகமூடியும் இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

இதைவிடக் கொடியது, குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரால் தகட்டைத் துடைத்துவிட்டு வெல்ட் வைப்பது. வெல்டிங் சுடரில் அது பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறக்கூடும். அசிட்டோனால் துடைத்து, முழுவதும் உலரவிட்டு, அந்த டப்பாவையும் துணியையும் அறைக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், எர்த் கிளாம்ப் வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே சுரண்டிய உலோகத்தில் பிடிக்கட்டும். எரிபொருள் தொட்டியும் குழாய்களும் வண்டியில் இருக்கவே கூடாது. அடிப்பூச்சும் பழைய அடைப்பானும் மறுபக்கத்தில் மெல்லக் கனன்றுகொண்டிருக்கும். கடைசி டேக்குக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது வண்டியை விட்டு நகராதீர்கள்.

நீலவண்டி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காலடித் தளத்தைக் குத்தூசியால் சோதித்தேன். நான் ‘நல்ல தகடு’ என்று நம்பிய பகுதியில் ஒன்பது இடங்களில் ஊசி அப்படியே இறங்கியது. ஒட்டின் அளவு இப்போது இரு மடங்காகிவிட்டது. திடக் கம்பிக்கு மாறி, முனைகளையும் மாற்றி, பழைய கதவுத் தகட்டின் துண்டுகளில் பத்து நாள் பழகினேன்; ஓட்டை விழுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. சக்கர வளைவின் வரியை டாலி வைத்துத் தட்டியதில் ஆட்டம் முழுவதும் அடங்கியது. அந்தத் தகடு அசையாமல் நின்றபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஒரே ஓர் ஐயம் மிஞ்சியிருக்கிறது. சில் பெட்டியை மூடிய பிறகு, வெல்டின் உட்புறத்தில் பூச்சு எரிந்து வெறும் இரும்பாகத்தானே நிற்கும்? அந்த இடத்துக்குக் கை எட்டாதே. அங்கே துருவைத் தடுப்பது எப்படி?

தகட்டுவேலை எழுதியது:

அந்த உட்புறத்தைக் கவனிக்காமல் விட்டால்தான் நல்ல வேலையும் ஐந்தாறு ஆண்டுகளில் வீணாகிறது. மூடுவதற்கு முன், தகடுகளின் உட்புறத்துக்கு எபாக்சி பிரைமர் அடித்து, வெல்ட் விழும் விளிம்புகளை மட்டும் வெறுமையாக விடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் விளிம்புகளுக்கு நடுவே துத்தநாகம் கலந்த வெல்ட்-த்ரூ பிரைமரை மெல்லியதாக அடித்து, துளை வெல்ட் விழும் இடத்தில் மட்டும் அதைச் சுரண்டிவிட வேண்டும். சுரண்டாவிட்டால் வெல்ட் நுரைத்துக் குமிழி விடும்.

எரிந்துபோகும் பகுதிக்கு மருந்து, பெட்டிக்குள் பீய்ச்சும் மெழுகுதான். எல்லா வெல்டிங்கும் முடிந்து, வெளிப்பூச்சும் உலர்ந்த பிறகே அதைச் செய்ய வேண்டும். மெழுகு தீப்பற்றும், பூச்சு அடிக்க வேண்டிய இடத்தில் பட்டால் பூச்சும் பிடிக்காது. நுனியில் சுற்றிலும் துளையுள்ள நீண்ட குழாயைத் தொழிற்சாலைத் துளைகளின் வழியே கடைசி வரை நுழைத்து, பீய்ச்சிக்கொண்டே மெதுவாக வெளியே இழுங்கள். விளிம்புகளின் கீழிருந்து மெழுகு கசிந்தால் உள்ளே எங்கும் பரவிவிட்டது என்று பொருள். சொட்டுவது நின்றதும், சில்லின் அடியிலுள்ள வடிகால் துளைகள் ஒவ்வொன்றையும் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். உங்கள் புதுத் தகட்டில் அந்தத் துளைகள் இல்லாவிட்டால், பிரைமர் அடிக்கும் முன்பே பழையதில் இருந்த இடங்களில் துளைத்துக்கொள்ளுங்கள்.