புதுப்பிப்பு: மேல்வீட்டுத் தென்னாப்பிரிக்கத் தம்பதி

நெதர்லாந்தின் வாகெனிங்கனில் எங்கள் மேல்வீட்டுக்குக் குடிவந்த தென்னாப்பிரிக்கத் தம்பதியைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். வெள்ளை மக்காச்சோள மாவு எங்கே கிடைக்கும், கணவர் வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மாவு ஆர்னெமில் ஓர் ஆப்பிரிக்கக் கடையில் கிடைத்துவிட்டது. அன்று ராத்திரியே என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டி, மூடி வைத்து, அப்புறம் மரக்கரண்டியால் அவர்கள் அழுத்திக் கிண்டியபோது எனக்கு எங்கள் வீட்டுக் களிதான் ஞாபகம் வந்தது. ‘பாப்’ என்கிறார்கள். தக்காளி வெங்காயக் குழம்பில் தொட்டுக் கையாலேயே சாப்பிட்டோம்.

வேலை விஷயமும் நல்லபடியாக முடிந்தது. மனைவி முனைவர் பட்டத்துக்குப் படித்தாலும் பல்கலைக்கழகம் அவரை ஊழியராகவே வைத்துச் சம்பளம் தருகிறது. கணவரின் குடியிருப்பு அனுமதி அட்டையிலும் தடையில்லாமல் வேலை பார்க்கலாம் என்றே இருக்கிறது. சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்துவிட்டார். தாய்மொழி டச்சிலிருந்து பிறந்த ஆப்பிரிகான்ஸ் என்பதால் டச்சு பாதிக்கு மேல் புரிகிறது. ஆனால் முதல் நாள் ஒருவர் “பக்கி?” என்று கேட்டதும் வாசலைப் பார்த்திருக்கிறார். அவர் ஊரில் அது பின்னால் சாமான் ஏற்றும் வண்டி, இங்கே ஒரு கோப்பை காபி!

அக்டோபர் கடைசியில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தோம். தென்னாப்பிரிக்காவில் அந்த வழக்கம் இல்லை. வழக்கம்போல் அங்கே ஆறு மணிக்கு மனைவியின் அம்மா அழைத்தபோது இங்கே ஐந்துதான், மகள் இன்னும் ஆய்வகத்தில். ரொம்ப வருத்தப்பட்டார். இப்போது அவர்கள் சமையலறைச் சுவரில் இரண்டாவது கடிகாரம் ஒன்று தொங்குகிறது, தென்னாப்பிரிக்க நகரமான ப்ளூம்ஃபான்டைனின் நேரத்தில்.