ஜூபிட்டர்-8: வெள்ளி உடலா, கறுப்பு உடலா?

புதுஃபிலிம்:
என்னிடம் ஒரு சோர்க்கி-4, பழைய சோவியத் ஃபிலிம் கேமரா, இருக்கிறது. அதற்கு ஜூபிட்டர்-8 லென்ஸ் தேடுகிறேன், 50 மி.மீ., திறப்பு எஃப்/2. இரண்டு அகப்பட்டிருக்கின்றன. ஒன்று வெள்ளி நிற அலுமினியம், வரிசை எண் 56 என்று தொடங்குகிறது. மற்றது கறுப்பு, 73 என்று தொடங்குகிறது. வெள்ளிக்குக் கறுப்பைப் போல இரு மடங்கு விலை சொல்கிறார் விற்பவர். கண்ணாடியில் அவ்வளவு வித்தியாசம் உண்டா? லென்ஸைத் திருகி மாட்டும் பழைய லைக்கா கேமரா ஒன்று நண்பரிடம் இருக்கிறது, அதிலும் மாட்டிப் பார்க்க ஆசை.

பட்டகம்:
யோசிக்கவே வேண்டாம், 56-ஐ வாங்குங்கள். முதல் இரண்டு இலக்கங்கள்தான் தயாரித்த ஆண்டு. இந்த லென்ஸின் பூர்வீகம் 1930களின் தொடக்கம்: சைஸ் நிறுவனத்தில் லுட்விக் பெர்டெலே வடிவமைத்த சோனார் லென்ஸ். ஆறு கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாக ஒட்டியிருக்கிறார். ஏன் ஒட்டினார்? அன்று கண்ணாடிக்கு மேல்பூச்சு கிடையாது. காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பும் ஒளியில் கொஞ்சத்தைப் பிரதிபலித்து வீணாக்கும். ஒட்டியதால் அந்தப் பரப்புகள் ஆறோடு நின்றன. போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து எந்திரங்களும் கண்ணாடியும் சோவியத் நாட்டுக்குப் போயின. மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னோகோர்ஸ்கில் இந்த லென்ஸ் மறுபிறவி எடுத்தது. 50களின் லென்ஸைக் கையில் எடுத்து ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள், வெண்ணெயில் கத்தி இறங்குவது போலிருக்கும். 70களின் கறுப்பு உடலைத் திருப்பினால் மணல் அரைபடும்.

திருப்புளி:
பட்டகம் ஐயா, பூர்வீகம் சரி, வாரிசுதான் தவறு. ஜெர்மன் கண்ணாடி என்ற பெருமை மிக ஆரம்ப ஆண்டு லென்ஸ்களுக்கு உரியது. 56-இல் வந்தது சோவியத் கண்ணாடிதான். வடிவமோ 56-இலும் 73-இலும் அதே ஆறு, அதே மூன்று. மணல் அரைபடுகிறது என்கிறீர்களே, அது காய்ந்துபோன மசகு. கழுவிப் புதிதாகப் பூசினால் கறுப்பும் வெண்ணெய்தான். நான் இருபதுக்கு மேற்பட்ட ஜூபிட்டர்களைக் கழற்றியிருக்கிறேன். நான் வாங்கியவற்றிலேயே மோசமானது ஒரு 55. என் மேசையில் இன்று இருப்பவற்றில் சிறந்தது ஒரு 74. பிறந்த ஆண்டைப் பார்க்காதீர்கள், அதன் மேல் எத்தனை பேர் கைவைத்தார்கள் என்று பாருங்கள். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் தொடவே வேண்டாம்.

இருட்டறை:
இருவரும் கோபிக்க வேண்டாம். எஃப்/2 அளவு பெரிய திறப்பு அவசியமில்லை என்றால் இண்டஸ்டார்-61 எல்/டி லென்ஸ் வாங்குங்கள். கார்கிவ் நகரின் ஃபெட் தொழிற்சாலை செய்தது, 55 மி.மீ., எஃப்/2.8, லாந்தனம் கலந்த கண்ணாடி. டெஸ்ஸார் என்ற வடிவம், நான்கே கண்ணாடிகள். எஃப்/5.6-இல் ஓரம் வரை கூர்மை. விலையும் இவற்றைவிடக் குறைவு.

பட்டகம்:
கூர்மை வேண்டுமென்றால் சவரக் கத்தி வாங்கலாம். எஃப்/2-இல் ஜன்னல் ஓரமாக ஒரு முகத்தை எடுத்துப் பாருங்கள். கண் தெளிவாக இருக்க, கன்னத்து வெளிச்சம் மட்டும் லேசாகக் கசிந்திருக்கும். அதை இண்டஸ்டார் தராது.

திருப்புளி:
அந்தக் கசிவில் பாதி சோனாரின் குணம், பாதி உள்ளே படிந்த புகை. சிரிக்காதீர்கள், உண்மைதான். மசகின் ஆவி திறப்பு இதழ்களுக்குப் பின்னால் உள்ள கண்ணாடியில் படிகிறது. ஆண்டுக்கணக்கில் விட்டால் பூச்சையே அரித்துவிடும். பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், பால் ஊற்றியது போல் தெரிந்தால் துடைத்தாலும் போகாது. பலர் 'சோனார் மாயம்' என்று கொண்டாடுவது இந்தப் பாலைத்தான்.

லைக்கா ஆசையைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். ஜூபிட்டரின் உண்மையான குவியத்தூரம், சைஸின் பழைய காண்டாக்ஸ் கேமரா வழக்கப்படி, ஏறக்குறைய 52.4 மி.மீ. லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தூரம் பார்த்து ஃபோகஸ் வைக்க உதவும் பகுதி, எதிர்பார்ப்பது 51.6. முடிவிலியில் இரண்டையும் ஒத்துப்போக வைத்துவிடலாம். ஒரு மீட்டரில் 52.4 லென்ஸ் சுமார் 2.90 மி.மீ. முன்னால் வர வேண்டும், லைக்கா 2.81 வந்தாலே போதும் என்று நினைக்கிறது. வித்தியாசம் 0.09. எஃப்/2-இல் ஃபிலிம் பொறுத்துக்கொள்வது 0.06 தான். கண்ணில் வைத்த ஃபோகஸ் 3 செ.மீ. பின்னால் போய் விழும். மூன்று மீட்டரில் வித்தியாசம் 0.03, யாருக்கும் தெரியாது. சோர்க்கியில் இந்தத் தொல்லை இல்லை. லென்ஸும் உடலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

பட்டகம்:
காகிதத்தில் கணக்கு அழகாக இருக்கிறது. நான் லைக்காவில் மாட்டி எத்தனையோ முகங்கள் எடுத்திருக்கிறேன், எல்லாம் சரியாகவே வந்தன.

திருப்புளி:
எந்தத் திறப்பில் எடுத்தீர்கள்?

பட்டகம்:
பெரும்பாலும் எஃப்/4.

திருப்புளி:
எஃப்/4-இல் 0.12 வரை மன்னிப்பு உண்டு ஐயா. அதனால்தான் தப்பித்தீர்கள்.

இருட்டறை:
புதுஃபிலிம், இவர்கள் முடிப்பதற்குள் நீங்களே சோதித்துவிடலாம். சோர்க்கி-4-இன் பின்மூடி முழுதாகக் கழன்று வரும். ஷட்டரை 'பி'-யில், அதாவது அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலையில், வைத்து ஷட்டர் கேபிளால் திறந்து பிடியுங்கள். வேகத்தை மாற்றும் முன் ஷட்டரை ஏற்றிவிடுங்கள், ஏற்றாமல் மாற்றினால் உள்ளே உடையும். ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மீது ஒரு பக்கம் மங்கலாகத் தேய்த்த கண்ணாடித் துண்டு ஒன்றை, தேய்த்த பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி வைக்கவும். ஒரு மீட்டரில் செய்தித்தாளைச் சாய்த்து வைத்து, நடுவரி ஒன்றில் ரேஞ்ச்ஃபைண்டரைப் பொருத்துங்கள். பூதக்கண்ணாடியால் பார்த்தால் எந்த வரி கூர்மை என்று தெரிந்துவிடும். எஃப்/2-இல் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். சோனாரில் திறப்பைச் சுருக்கச் சுருக்க ஃபோகஸ் சற்றுப் பின்னால் நகரும், 2.8-லும் பாருங்கள்.

இன்னொன்று: ஃபோகஸ் திருப்பினால் திறப்பு வளையமும் கூடவே சுற்றும். எஃப் எண்கள் லென்ஸுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அது பழுதல்ல, எல்லா ஜூபிட்டர்-8-உம் அப்படித்தான். என் முதல் லென்ஸைப் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

புதுஃபிலிம்:
கேமராவோடு போய் இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன். கறுப்பில் வளையம் கடினம், ஆனால் டார்ச் அடித்தால் சுத்தம். எஃப்/2-இல் குறிவைத்த வரியே கூர்மை, 2.8-இல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. வெள்ளியின் வளையம் பட்டகம் ஐயா சொன்ன அதே வெண்ணெய். ஆனால் கூர்மை நான்கு வரி தள்ளி விழுந்தது. கேட்டதும் விற்பவரே கண்ணாடித் தொகுதியைக் கழற்றிக் காட்டினார், நல்ல மனிதர். உள் விளிம்பில் யாரோ ஊசியால் மூன்று இலக்கங்கள் கீறியிருந்தார்கள்.

திருப்புளி:
முகப்பில் உள்ள வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களோடு ஒப்பிட்டீர்களா? பொருத்தும்போது பாகங்கள் மாறாமலிருக்க அப்படிக் கீறுவார்கள்.

புதுஃபிலிம்:
பொருந்தவில்லை. இடைவெளி வளையம் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கறுப்பை வாங்கிவிட்டேன்.

திருப்புளி:
இரண்டு லென்ஸ்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். முகப்பு வளையம் 56, உள்ளே இருப்பது எந்த ஆண்டோ.

பட்டகம்:
வெள்ளி இன்னும் விற்காமல்தான் இருக்கிறதா? வளையம் வெண்ணெய் போல் என்றீர்களே. விற்பவரின் முகவரியைத் தனிமடலில் அனுப்ப முடியுமா?