வேலையிடத்துல அவமானப்படுத்தி ஆளைத் துரத்துறது: நீங்க கண்டது என்ன?

குழித்துறைக்காரன்:
அண்டி ஆபீஸ், அதான் முந்திரிப்பருப்பு ஆலை, அங்க பருப்புத் தோலுரிக்கிற பீலிங் ஹால். தோலுரிக்கிற அக்கா ஒருத்தியோட தட்டை சூப்பர்வைசர் தராசு முன்னால கவுத்து, உடைசலைத் தனியா குவிச்சு, "இது பருப்பா, ரவையா?"ன்னு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனாரு. அவ ஒண்ணும் பேசல்ல. விரல் நுனியைச் சேலையில துடைச்சிட்டே நின்னா.

உடைஞ்சது போர்மாவால, அதான் பருப்பைக் காய வைக்கிற சூடான அறை. சூடு பத்தாம இறக்குனா தோல் ஒட்டிக்கிடும், கத்தியால சுரண்டணும், பருப்பு பிளக்கும். ரொம்பக் காய்ஞ்சுபோனா தொட்டாலே நொறுங்கும். ஏச்சு மட்டும் உரிக்கிறவளுக்கு. கூலியோ கிலோ கணக்கு, நிதானமா உரிச்சா அதுவும் போச்சு. ஒண்ணுக்குப் போனா எண்ணுவாங்கன்னு தண்ணி குடிக்க மாட்டாங்க, நீர்க்கடுப்பு வரும். தூக்கம் போகும். முதல்ல திங்கக்கிழமை லீவு, பிறகு சொல்லாமலே நின்னுடுவாங்க.

ஜவுளிப்பக்கம்:
ஓய், அங்க சத்தமாவது கேக்கும். நாகர்கோவில் துணிக்கடையில அதுவும் கிடையாது. 2021-ல கடைச் சட்டத்தைத் திருத்தி, வேலையாளுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு ஆக்கியாச்சு. நாற்காலி இருக்கு. உக்காந்த பிள்ளையப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்புல "இன்றைய மகாராணி"ன்னு போட்டாங்க. மறுநாள் பட்டுப் பிரிவுல இருந்து மேல்மாடி போர்வைக்கு மாத்துனாங்க. அங்க ஆளே ஏறாது, விற்பனைக்கு ஏத்த இன்சென்டிவ் காலி. சம்பளத்தைத் தொடாம வருமானத்தைக் குறைக்க இதான் வழி. நீரு போர்மாவைத் திட்டிட்டு சூப்பர்வைசரை விட்டுட்டீரே?

தக்கலை மாமா:
யாரும் கேக்கல்ல, இருந்தாலும் சொல்லுதேன். வேலையை விடும்போது "சொந்தக் காரணம்"னு எழுதிக் குடுக்காதீங்க. நடந்ததை எழுதுங்க, வாங்க மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட், ரசீது பத்திரம். வெத்துத்தாள்ல கையெழுத்து கூடவே கூடாது.

குறிப்பு அன்னன்னைக்கே வேணும்: தேதி, நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்துல நின்னது யாரு. "திட்டினார்"னு மட்டும் எழுதினா ஒண்ணுக்கும் உதவாது. பாலியல் பேச்சுன்னா 3 மாசத்துக்குள்ள வேலையிடத்துலேயே உள்ள புகார்க் குழுவான உள்ளகக் குழுவுக்கு எழுத்துல குடுக்கணும். 10 பேருக்குக் குறைஞ்ச கடைன்னா மாவட்டத்துல உள்ள உள்ளூர்க் குழு.

5 வருசம் முடிஞ்சா கிராஜுவிட்டி, அதான் பணிக்கொடை, வருசத்துக்கு 15 நாள் கூலி. பீஸ் ரேட்டுக்கு கடைசி 3 மாசச் சராசரி. போனஸ் வர்ற இடம்னா 30 நாள் வேலை பாத்திருந்தாலே அந்த வருசத்துக்கு உண்டு, நடுவுல விட்டா போகும்ங்கிறது சும்மா மிரட்டல். தூக்கமில்லன்னா ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரி மனநல ஓ.பி. போங்க, சீட்டைத் தூரப் போடாதீங்க, தேதிக்கு அதுவும் சாட்சி. ராத்திரி பேச ஆள் வேணும்னா 14416, அரசு மனநல உதவி எண்.

கருங்கல் அக்கா:
மாமா, கடைக்குச் சரி. அண்டி ஆபீசுல எடைப் புத்தகமே அவங்க கையில இருக்கு, அஞ்சு வருசத்தை எப்படிக் காட்டுவாங்க? பி.எஃப். பாஸ்புக்கை மாசாமாசம் போன்ல இறக்கி வைக்கச் சொல்லுங்க. எடைச்சீட்டு குடுத்தா அன்னைக்கே படம் எடுக்கணும். உடைசல் தகராறுன்னா, அதே போர்மா லோடை உரிச்ச வேற ரெண்டு பேருக்கு எவ்வளவு உடைஞ்சதுன்னும் சேத்து எழுதணும். மூணு தட்டும் ஒரே மாதிரின்னா பேச்சு அங்கேயே நிக்கும்.