சிட்னி வெயிலில் பிள்ளைகளோடு வெளியே கிளம்புகிறவர்களுக்கு

சிட்னிக்கு வந்த புதிதில் வேலை, வாடகை வீடு, பள்ளி அட்மிஷன் என்று அலைவதிலேயே நாள் ஓடிவிடும். "கார் வாங்கினதும் ஊர் சுற்றலாம்" என்று தள்ளிப்போட்டு, முதல் கோடையைப் பாதிக்குமேல் வீட்டுக்குள்ளேயே கழித்துவிட்டோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இங்கே மார்கழியும் தையும்தான் உச்சிக் கோடை. பள்ளிக்குப் பெரிய லீவும் அப்போதுதான்.

காருக்காகக் காத்திருக்க வேண்டாம், ஓப்பல் கார்டு என்ற பயண அட்டை போதும். ரயில், பஸ், படகு எதில் ஏறினாலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பிடிக்கும் என்று உச்சவரம்பு உண்டு. வெள்ளி, சனி, ஞாயிறுகளில் அந்த வரம்பு இன்னும் குறைவு. 4 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத் தனியாக சைல்ட் ஓப்பல் எடுங்கள். அவர்களுக்கும் சேர்த்து பேங்க் கார்டைத் தட்டினால் பெரியவர் கட்டணம் போய்விடும்.

மேற்கு சிட்னியில் வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், டூங்காபி பக்கம் இருப்பவர்கள் முதலில் போக வேண்டியது பாரமட்டா படகுத்துறைக்கு. அங்கிருந்து நகர மையத்தில் இருக்கும் சர்குலர் கீ படகுத்துறை வரை ஆற்றிலேயே சுமார் ஒன்றரை மணி நேரம். அலையாத்திக் காடுகளில் ஆரம்பித்து, கடைசியில் ஹார்பர் பாலத்துக்கு அடியில் நுழையும்போது எதிரே ஓப்பரா ஹவுஸ் வந்து நிற்கும். காசு கொடுத்து ஏறும் சுற்றுலாப் படகு இதைவிடப் பெரிதாக எதையும் காட்டாது. நீர்மட்டம் இறங்கும் நேரத்தில் முதல் துண்டுக்கு மட்டும் பஸ் விடுவார்கள், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வெயில். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "திருச்சி வெயிலையே பார்த்தவர்கள், நமக்கென்ன" என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. ஒரு நவம்பர் மாதம் மேன்லி கடற்கரைக்குப் போனோம். மேகமூட்டம், நல்ல காற்று, ஒரு சொட்டு வியர்வை இல்லை. அன்று இரவு மகளின் தோள்பட்டை கொதித்தது. மூன்றாம் நாள் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. ஒரு வாரம் பள்ளிப் பையைத் தோளில் மாட்ட முடியாமல் கையில் தூக்கிக்கொண்டு போனாள். இங்கே சூட்டை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, புற ஊதாக் கதிர் எவ்வளவு என்று சொல்லும் குறியீட்டு எண்ணைப் (UV index) பார்க்க வேண்டும். 3ஐத் தொட்டாலே தொப்பியும் சன்ஸ்க்ரீனும் வேண்டும் என்கிறார்கள். கோடை மதியங்களில் அது 11ஐத் தாண்டுவது சாதாரணம். கிளம்ப 20 நிமிடம் முன்பே தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவுங்கள். மாநிறமோ கறுப்போ, எல்லோருக்கும்தான். ஆரம்பப் பள்ளிகளில் தொப்பி இல்லாத பிள்ளையை வெயிலில் விளையாட விடாததற்குக் காரணம் இருக்கிறது.

அப்புறம் கடல். மெரினாவில் கால் நனைத்துவிட்டு சுண்டல் வாங்கித் தின்று திரும்பியவர்கள் நாம். இங்கே பிள்ளைகள் உள்ளே இறங்கக் கேட்பார்கள். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறக்குங்கள், உயிர்காப்பாளர்களின் கண் அங்கேதான் இருக்கும். அலை உடையாமல் அமைதியாக, சற்றுக் கருமையாகத் தெரியும் இடம் பார்க்கப் பாதுகாப்பானது போல இருக்கும். பல நேரம் அங்கேதான் நீரோட்டம் கடலுக்குள் இழுக்கும். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும். சேலை, சுடிதாரோடு இடுப்பளவு நீரில் நிற்காதீர்கள், நனைந்த துணி காலைச் சுற்றிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளுக்கு அலையே வேண்டாம் என்றால் பாரமட்டா ஏரி இருக்கிறது. கோடையில் உயிர்காப்பாளர்களோடு குளிக்கும் இடம் திறந்திருக்கும். நீச்சல் வகுப்பைப் பிள்ளைகளோடு நிறுத்தாமல் நீங்களும் சேருங்கள்.

சாப்பாட்டுக்கு எஸ்கியில் (குளிர்காக்கும் பெட்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஐஸ் போட்டுத் தயிர்சாதம், தனி டப்பாவில் மாவு. பூங்காக்களில் பட்டனை அழுத்தினால் சூடேறும் இலவச பார்பெக்யூ தட்டு இருக்கும். எல்லோரும் இறைச்சி சுடும் தட்டு என்பதால் சைவக்காரர்கள் மேலே அலுமினியத் தாள் விரித்துக்கொள்ளலாம். நாங்கள் அதில் ஊத்தப்பம்தான் ஊற்றுவோம். தட்டு மெல்லத்தான் சூடேறும், அவசரப்பட்டால் ஒட்டிக்கொள்ளும். முடிந்ததும் அடுத்தவருக்காகத் துடைத்துவிட்டு வாருங்கள்.

கார் வந்துவிட்டதா? சரி, முதல் நீண்ட பயணம் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு. 1985இல் குடமுழுக்கு கண்ட கோயில், நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலையிலேயே தரிசனத்தை முடித்து, வார இறுதி என்றால் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து பால்ட் ஹில் ஏறுங்கள். கீழே ஸ்டான்வெல் பார்க் கடற்கரை. 1894இல் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் பெட்டி வடிவப் பட்டங்களைச் சேர்த்துக் கட்டித் தன்னையே தரையிலிருந்து தூக்க வைத்தது அங்கேதான். தெற்கே கொஞ்சம் ஓட்டினால் கடல்மேல் வளைந்து போகும் 665 மீட்டர் சீ கிளிஃப் பாலம்; ஓரத்தில் நடைபாதை இருக்கிறது, தள்ளுவண்டியோடு நடக்கலாம். நிழல் இல்லாத பாலம், அதனால் அதை மாலை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காற்று இருந்தால் பால்ட் ஹில்லிலிருந்து மனிதர்கள் இறக்கை கட்டிப் பறப்பார்கள். எங்கள் வீட்டுச் சின்னவன் அவர்களைப் பார்த்துவிட்டால் அங்கிருந்து கிளப்புவது கஷ்டம், அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.