நாலாம் நாளும் விடாத காய்ச்சல்: வீட்டில் செய்வது, எப்போது கிளம்புவது

மருந்தாளுநர்

கடையில் பாரசிட்டமால் சிரப் கேட்பவர்கள் பிள்ளையின் வயதைத்தான் சொல்வார்கள். எடையைக் கேட்டால் யோசிப்பார்கள். ஆனால் அளவு எடையை வைத்துத்தான்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மி.கி.

இப்போது கையில் இருக்கும் பாட்டிலைப் பாருங்கள். 5 மி.லி.யில் 125 மி.கி. என்று இருந்தால் 6 மி.லி. கொடுக்க வேண்டும். 5 மி.லி.யில் 250 என்றால் 3 மி.லி. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே மி.லி.யில் 100 மி.கி. இருக்கிறது, அதில் 1.5 மி.லி. போதும். மூன்றிலும் பிராண்ட் பெயர் ஒன்றாகவே இருக்கலாம். போன தடவை 125 வாங்கி 6 மி.லி. ஊற்றிப் பழகிய கை, இந்தத் தடவை 250 பாட்டிலிலும் அதே 6 மி.லி.யை ஊற்றும். மருந்து இரட்டிப்பாகிவிடும். சொட்டு மருந்தை அப்படி ஊற்றினால் நாலு மடங்கு, கல்லீரலுக்கு ஆபத்து. எதிர்ப்பக்கமும் உண்டு: பிள்ளை வளர்ந்தும் பழைய அளவையே கொடுத்துவிட்டு, ‘மருந்து கேட்கவே இல்லை’ என்று வருவார்கள்.

வேளைக்கு வேளை 6 மணி நேர இடைவெளி. முடியவே இல்லை என்றால் 4 மணி நேரம். எப்படியானாலும் ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். குடித்த கால் மணிக்குள் மொத்தமாக வாந்தி எடுத்துவிட்டால் திரும்பக் கொடுக்கலாம். அரை மணி தாண்டிவிட்டால் அடுத்த வேளைக்குக் காத்திருங்கள்.

சளி சிரப்புகளிலும் பாரசிட்டமால் சேர்ந்திருப்பது உண்டு. இரண்டையும் கொடுத்தால் அளவு ஏறிவிடும். குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று 2023 கடைசியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லிவிட்டது. மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் இரண்டும் காய்ச்சலைச் சட்டென்று இறக்கும்தான். டெங்கு இல்லை என்று தெரியும்வரை தொடாதீர்கள். ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு அறவே கூடாது.

குழந்தைகள் வார்டு செவிலியர்

நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கித் தெர்மாமீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். சாதாரண டிஜிட்டல் போதும். அக்குளில் வியர்வையைத் துடைத்து, முனை நடுவில் படும்படி வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பீப் வரும்வரை பொறுங்கள். பால் குடித்த உடனேயும், போர்வைக்குள்ளிருந்து எடுத்த உடனேயும் பார்த்தால் கூடுதலாகக் காட்டும்.

103 இருந்தது, மருந்து கொடுத்தும் 101தான் ஆனது என்று பதறிப்போய் வருகிறார்கள். அது மருந்து வேலை செய்ததற்கு அடையாளம். 98.4க்கு இறக்கியே தீர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மருந்து கொடுத்த ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளை எழுந்து உட்கார்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, இரண்டு வாய் குடிக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சல் இறங்கியும் துவண்டே கிடந்தால் 100 என்றாலும் கிளம்ப வேண்டியதுதான்.

ஐஸ் தண்ணீரில் துடைக்காதீர்கள். தோல் சுருங்கி, உடம்பு நடுங்கி, சூடு உள்ளேயே தங்கும். துடைக்கத்தான் வேண்டும் என்றால் வெதுவெதுப்பான தண்ணீர். பிள்ளை நடுங்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். ஸ்வெட்டரும் கம்பளியும் வேண்டாம். கஞ்சி, இளநீர், தாய்ப்பால் எது இறங்குகிறதோ அதை அடிக்கடி கொடுங்கள். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு முழு பாக்கெட். பாதித் தூளைத் தம்ளரில் கலப்பது கூடாது, உப்பு அளவு மாறிவிடும்.

எந்த நாளானாலும், எந்த நேரமானாலும் உடனே கிளம்ப வேண்டியவை: மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு அக்குளில் 99.5க்கு மேல் நின்றால். உடம்பு கொதிக்க, கை கால் மட்டும் சில்லென்று இருந்தால். எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால். கழுத்தைக் குனிய முடியாவிட்டால். தோலில் சிவப்புப் புள்ளி வந்து, கண்ணாடித் தம்ளரை அழுத்தினாலும் மறையாவிட்டால்.

மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், பிள்ளை அழாமல் இருக்கும்போது. 2 மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40. அதைத் தொட்டால் நிமோனியாவோ என்று பார்க்க வேண்டும். விலாவுக்குக் கீழே உள்ளிழுத்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

ஒரு சின்ன இடையீடு, வலிப்பு பற்றி

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை காய்ச்சலோடு வலிப்பு வரலாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் கூடாது. கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் ஒன்றும் ஆகாது, நேரம்தான் போகும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. சீக்கிரமே நின்றுவிட்டாலும், முதல் தடவை என்றால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

கிராம சுகாதார செவிலியர்

மழைக்காலத்தில் நான் முதலில் கேட்பது டிகிரியை அல்ல, ‘இன்றைக்கு எத்தனையாவது நாள்?’ என்றுதான். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். பெரும்பாலும் மூன்று முதல் ஏழாம் நாளுக்குள். ‘காய்ச்சல் விட்டுடுச்சு, பள்ளிக்கூடம் அனுப்பலாமா?’ என்று கேட்பார்கள். அன்றைக்குத்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், படுத்தே கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரி. நிலவேம்போ பப்பாளி இலைச்சாறோ கொடுத்துவிட்டோம் என்று அந்த நாளில் வீட்டில் வைத்திருக்காதீர்கள். வெறும் வயிற்றில் கசப்பைக் கொடுத்து வாந்தி வந்தால், அது டெங்கு வாந்தியா மருந்து வாந்தியா என்றும் தெரியாது.

இன்னொன்று உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்), கண்ணுக்கே தெரியாத சிறு உண்ணி கடித்து வருவது. ஐந்து நாள் தாண்டிய காய்ச்சல் என்றால் பிள்ளையை நல்ல வெளிச்சத்தில் முழுதாகக் கழற்றிப் பாருங்கள்: அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், விரை மடிப்பு. சிகரெட் சுட்டதுபோல் நடுவில் கறுத்து, சுற்றிச் சிவந்த புண் இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. ஈரமான இடுக்கில் கறுப்புப் பொருக்கு உதிர்ந்து வெறும் சிவப்புப் புண்ணாகவும் தெரியும். புண் இல்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது.

ஐந்து நாள் காய்ச்சலோடு பீளை இல்லாத கண் சிவப்பு, வெடித்த சிவந்த உதடு, வீங்கிய கை கால் இருந்தால் காவசாகி நோயா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இதயத்தின் ரத்தக் குழாயைப் பாதிக்கும் நோய் அது. பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்குவது நல்லது.

ஆய்வகத் தொழில்நுட்பர்

இரண்டாம் நாளே டைபாய்டுக்கான வைடால் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லி வருகிறார்கள். முதல் வாரத்தில் அது பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. டைபாய்டு சந்தேகம் என்றால் ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான், அதுவும் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்னால். போன தடவை மிச்சம் வைத்த சிரப்பில் இரண்டு வேளை கொடுத்துவிட்டு வந்தால் கல்ச்சரில் கிருமி வளராமலே போகலாம். கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், பாட்டிலையும் எடுத்து வாருங்கள்.

டெங்குவுக்கு முதல் ஐந்து நாள் என்எஸ்1 (வைரஸின் புரதத்தைத் தேடும் பரிசோதனை), அதற்குப் பிறகு ஐஜிஎம் (உடம்பின் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது). பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பக்கத்திலேயே பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, இருக்கும். பிளேட்லெட் இறங்க, பிசிவி ஏறினால் நீர் கசிகிறது என்று அர்த்தம். சளியும் இல்லை, இருமலும் இல்லை, காய்ச்சல் மட்டும் என்றால், அதிலும் பெண் குழந்தை, கைக்குழந்தை என்றால், சிறுநீர்ப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். கழுவித் துடைத்து, முதல் சிறுநீரை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும்.

குழந்தைகள் வார்டு செவிலியர்

சிகிச்சை தொடங்கிய பிறகு ஒரு விஷயம். டைபாய்டு என்றால் சரியான ஊசி போட்டாலும் காய்ச்சல் விட நாலைந்து நாள் ஆகும். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். உண்ணிக் காய்ச்சல் அப்படியில்லை. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ தொடங்கினால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு காரணம் தேட வேண்டியிருக்கும்.