ஸ்கைலைட்டும் அதன் கீழே ஒளிக்கூரையும்: உங்கள் கட்டடத்தில் என்ன நடந்தது?

நூலகக் கட்டடப் பராமரிப்பாளர்

எங்கள் வாசிப்புக் கூடத்தின் நடுவே, பகல் ஒளி வரக் கூரையில் கண்ணாடி பதித்த பழைய ஸ்கைலைட் ஒன்று இருக்கிறது. ஒற்றைக் கண்ணாடி, அலுமினியச் சட்டம். அதற்கு ஓர் ஆள் உயரம் கீழே, டி-பார் சட்டகத்தில் (தலைகீழ் T வடிவ உலோகக் கம்பிகள்) 600 × 600 மி.மீ. அளவில் ஒளி ஊடுருவும் பலகைகளை வைத்த தொங்குகூரை. முன்பு அங்கே மெல்லிய அக்ரிலிக் தகடுகள் இருந்தன. குளிர்காலத்தில் கூடத்தில் சூடு தங்குவதில்லை என்று புகார் வந்ததும், அவற்றை எடுத்துவிட்டு 16 மி.மீ. பல அறைப் பாலிகார்பனேட் பலகைகளை (உள்ளே குழாய் போன்ற வெற்று அறைகள் நீளவாக்கில் ஓடும் பிளாஸ்டிக் பலகைகள்) வைத்தார்கள். கூடம் கதகதப்பானது உண்மை. ஆனால் அடுத்த குளிர்காலத்தில், காலை நேரத்தில் மேசைகள் மீது தண்ணீர் சொட்ட ஆரம்பித்துவிட்டது.

கூரை ஒழுகுகிறது என்றுதான் எல்லோரும் முடிவு கட்டினார்கள். மழையே பெய்யாத வாரத்திலும் சொட்டியது. ஏணி போட்டு ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடியின் அடிப்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. சட்டத்தின் திருகாணித் தலைகளில்தான் துளிகள் முதலில் திரண்டன. பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து, சட்டத்தின் சரிவிலேயே ஓடி, ஒரு மூலையில் வந்து விழுந்தன. அந்த மூலைக்கு நேர் கீழே இருந்த பலகையின் மேல் தூசி நனைந்து நனைந்து வட்ட வட்டமாகக் காய்ந்திருந்தது. கூரைமேல் பசை பூச ஆள் கூப்பிடுவதற்கு முன்னால், இதே நிலையைச் சந்தித்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கட்டட வடிவமைப்பாளர்

பசை பூச வேண்டாம், ஐயா. தண்ணீர் வாசிப்புக் கூடத்திலிருந்துதான் மேலே போயிருக்கிறது.

20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் துளிர்த்துவிடும். முன்பு மெல்லிய தகடுகள் இருந்தபோது கூடத்துச் சூடு மேலே கசிந்து கண்ணாடியை ஓரளவு சூடாக வைத்திருந்தது. அது வீண் செலவுதான், ஆனாலும் கண்ணாடி காய்ந்திருந்தது. இப்போது வெப்பக் காப்பைக் கீழே உள்ள பலகைத் தளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சூடு கீழேயே நின்றுவிட்டது, நீராவி நிற்கவில்லை. டி-பார் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் பலகையின் நான்கு பக்கமும் சந்துதான். அதன் வழியே ஏறும் ஈரக்காற்று, முன்பைவிடக் குளிர்ந்துபோன கண்ணாடியைப் போய்த் தொடுகிறது.

இதே சங்கடத்தை ஓர் ஓவியக் கூடத்தில் பார்த்திருக்கிறேன். அங்கே காப்பு முழுவதையும் மேலே ஸ்கைலைட்டுக்கே மாற்றினோம். வெப்பம் எதிரொளிக்கும் பூச்சும் ஆர்கான் வாயுவும் உள்ள இரட்டைக் கண்ணாடி, வெப்பத் தடை வைத்த சட்டம். கீழே இருந்த பலகைகளின் வேலை ஒளியைப் பரப்புவது மட்டும் என்று வைத்துவிட்டோம். சுற்றிலும் வேண்டுமென்றே இடைவெளி விட்டோம். பலகைகளுக்கும் ஸ்கைலைட்டுக்கும் நடுவே இருக்கும் காற்றும் கூடத்துக் காற்றும் ஒன்றானபின் மேலே துளிர்க்கவே இல்லை.

என் அனுபவத்தில் இந்த விஷயத்தின் உயிர்நாடி இதுதான்: காப்புத் தளம் மேலேயா கீழேயா என்பதைத் தீர்மானித்துவிட்டுத்தான் பலகை வாங்க வேண்டும். கீழே என்றால் அந்தத் தளத்தை நீராவி புகாமல் அடைத்து, மேலே உள்ள இடைவெளியை வெளிக்காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். ஒவ்வொரு பலகையையும் தூக்கித் துடைக்க வேண்டிய தொங்குகூரையில் அந்த அடைப்பை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றிய ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

இன்னொன்று. கண்ணாடி விற்பவர் காட்டும் யு மதிப்பு (சூடு எவ்வளவு கடக்கும் என்று சொல்லும் எண், குறைந்தால் நல்லது) பெரும்பாலும் கண்ணாடி நிமிர்ந்து நிற்கும் நிலைக்கானது. கூரையில் அது படுத்திருக்கிறது, சூடு கீழிருந்து மேலே போகிறது. இரு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள வாயு அப்போது எளிதாகச் சுழல்கிறது. தாளில் 1.1 என்று இருந்தது கூரையில் 1.5-ஐயும் தாண்டும். 'சரிவில் எவ்வளவு?' என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்கைலைட் உட்காரும் மேடைச் சுவரையும் மறக்க வேண்டாம். அந்த ஓவியக் கூடத்தில் கண்ணாடியை மாற்றிய பிறகும் மேடைச் சுவரின் உட்பக்கம் மட்டும் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. அங்கேயும் காப்பு ஒட்டிய பிறகுதான் நின்றது.

பாலிகார்பனேட் ஷீட் பொருத்துபவர்

வடிவமைப்பாளர் ஐயா சொன்ன கணக்கு எனக்குத் தெரியாது. கையால் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பழுது பார்க்க என்னைக் கூப்பிட்ட ஒரு தொழிற்கூடத்தில் மதியமானால் கூரை 'டக், டக்' என்று வெடிக்கும் சத்தம் கேட்கும். உள்ளே வேலை செய்பவர்கள் பயந்துபோயிருந்தார்கள். பாலிகார்பனேட் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஒரு மீட்டர் ஷீட் ஒரு டிகிரிக்கு 0.065 மி.மீ. நகரும். 6 மீட்டர் ஷீட், 50 டிகிரி வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 20 மி.மீ. அங்கே திருகாணி எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்கே துளை போட்டு இறுக்கியிருந்தார்கள். ஷீட்டுக்கு நகர இடமில்லை. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் நட்சத்திரம் மாதிரி விரிசல் ஓடியிருந்தது. துளையைப் பெரிதாக்கி, அகலமான ரப்பர் வாஷர் போட்டு, ஓரச் சட்டத்தில் ஷீட்டுக்கு இடம் விட்டோம். சத்தம் அடங்கிவிட்டது.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு பல ஷீட்டுகளில் ஒரு பக்கம்தான் இருக்கும். எந்தப் பக்கம் என்பது மேலே ஒட்டிய படலத்தில் அச்சாகியிருக்கும். படலத்தை உரித்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே ஷீட் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் உரிக்க வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் விட்டுவிட்டால் வெயிலில் படலம் வெந்து ஒட்டிக்கொள்ளும்.

அறைகளின் வாயை மூடுவதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். மேல் முனைக்குக் காற்றுப் புகாத அலுமினியம் டேப், கீழ் முனைக்கு நுண்துளை உள்ள டேப். உள்ளே சேரும் ஈரம் கீழே வடிய வேண்டும், தூசியும் பூச்சியும் நுழையக் கூடாது. அறைகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், குறுக்கே போடவே கூடாது. குறுக்கே போட்ட ஒரு கூரையில் ஒவ்வோர் அறையிலும் பச்சைப் பாசி கோடு கோடாகப் படிந்திருந்தது. அதைக் கழுவ வழியே இல்லை, முழு ஷீட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

சந்துகளை அடைக்கும் சிலிக்கோன் பசை வாங்கும்போது நியூட்ரல் வகையா என்று பாருங்கள். புளிப்பு நெடி அடிக்கும் வகை பாலிகார்பனேட்டுக்கு ஆகாது.

மொட்டை மாடிக்குக் கீழ்த்தளத்தில் அலுவலகம் வைத்திருப்பவர்

எங்களுக்குத் துயரம் குளிரில் வரவில்லை, கோடையில்தான். ஸ்கைலைட்டின் கீழே பால்வெள்ளைத் தகடுகள் போட்ட கூரை. விலை மலிவான பாலிஸ்டைரீன் தகடுகள் என்று பிறகு தெரிந்தது. வெயில் நேரடியாகப் படும் வரிசை மட்டும் பழுப்பேறி, நடுவில் தொய்ந்து, ஓரங்கள் டி-பாரிலிருந்து நழுவ ஆரம்பித்தன. குளிர்சாதனம் ஓடிக்கொண்டேயிருக்கும், தலை உச்சியில் சூடு இறங்கிக்கொண்டேயிருக்கும்.

இரட்டை அடுக்குப் பலகை போட்டுக் காப்பை ஏற்றினால் தீரும் என்று எங்களிடம் சொன்னார்கள். போட்டோம். மாலையில் கொஞ்சம் நிம்மதி, மதியத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் விழுகிறது. சாதாரணத் தெளிந்த கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது. யு மதிப்பு காற்றின் சூடு எவ்வளவு கடக்கும் என்பதைச் சொல்கிறது. வெயில் எவ்வளவு நுழையும் என்பதைச் சொல்ல வேறொரு எண் இருக்கிறது, சூரிய வெப்பக் கடத்து எண். எங்களுக்கு அதை யாரும் காட்டவே இல்லை.

கடைசியில் கண்ணாடிக்கு வெளியே, கூரைமேல், சற்று உயர்த்தி நிழல் வலை கட்டியதுதான் பலன் தந்தது. உள்ளே திரை போட்டுப் பயனில்லை. கண்ணாடியைக் கடந்துவிட்ட வெயில் திரையைச் சூடாக்குகிறது, அந்தச் சூடு இடைவெளிக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

கட்டட வடிவமைப்பாளர்

நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. 1997-இல் சுவிட்சர்லாந்தில், பாசல் நகரை ஒட்டிய ரீஹெனில் ரென்ஸோ பியானோ வடிவமைத்த பேயலர் அருங்காட்சியகத்தின் கூரை இந்த வரிசையில்தான் அமைந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே சாய்ந்த வெள்ளைக் கண்ணாடி நிழல் தகடுகள், அதன் கீழே வெப்பம் காக்கும் கண்ணாடிக் கூரை, பிறகு ஓர் இடைவெளி, கடைசியாக ஒளியைப் பரப்பும் உட்கூரை. நிழல் வெளியே, காப்பு நடுவே, பரவொளி கீழே. இந்த வரிசையைக் கலைத்தால் ஒவ்வோர் அடுக்கும் மற்றதன் வேலையைக் கெடுக்கிறது.

பள்ளி ஆசிரியை

ஒளியைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன். எங்கள் ஓவிய வகுப்பறையில் மேலே பால்வெள்ளைப் பலகை, கீழேயும் பால்வெள்ளைப் பலகை. காப்பு வேலை முடிந்த பிறகு நண்பகலில்கூட விளக்கு எரிகிறது. மேல் பலகை 50 சதவீதம் ஒளியை விடுகிறது, கீழ்ப் பலகை 60 சதவீதம் விடுகிறது என்றால் வகுப்பறைக்கு வருவது 30 சதவீதம்தான். மேலே தெளிந்த பலகை போட்டிருந்தால் 80-இல் 60 சதவீதம், அதாவது 48. பிள்ளைகள் நிறம் கலக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. நீலமும் கருநீலமும் பிரித்தறிய முடியாமல் ஜன்னலோரம் ஓடுகிறார்கள்.

பலகை மேல் இறந்து கிடக்கும் பூச்சிகளின் நிழலும் கீழே அப்படியே தெரிகிறது. மாதம் ஒருமுறை துடைக்க வழி செய்யாமல் ஒளிக்கூரை போடுவது சரியில்லை. மழை நாளில் மெல்லிய பிளாஸ்டிக் கூரையின் இரைச்சலில் என் குரல் பின்வரிசைக்கு எட்டுவதே இல்லை. அதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

தீப் பாதுகாப்பு ஆய்வாளர்

மேலே உள்ளவற்றைப் படித்ததும் கவலையோடு எழுதுகிறேன், குறிப்பாக நூலக நண்பருக்கு. உங்கள் தொங்குகூரைக்கு மேலே ஸ்பிரிங்க்ளர் (தீயின் சூட்டில் தானே திறந்து தண்ணீர் தெளிக்கும் கருவி) இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.

நான் ஆய்வு செய்த ஒரு கூடத்தில் ஸ்பிரிங்க்ளர் எல்லாம் ஒளிப்பலகைகளுக்கு மேலே இருந்தன. முதலில் அங்கே இருந்தவை சோதித்துச் சான்று பெற்ற மெல்லிய பலகைகள். தீயின் சூட்டில் அவை சீக்கிரமே இளகி விழுந்துவிடும், தண்ணீருக்கு வழி திறக்கும். பிறகு யாரோ, சூடு வீணாகிறது என்று, அவற்றின் இடத்தில் தடித்த பாலிகார்பனேட்டை வைத்துவிட்டார்கள். ஸ்பிரிங்க்ளர் பொதுவாக 68 டிகிரியில் திறப்பது. பாலிகார்பனேட் இளகுவதற்கோ 140 டிகிரிக்கு மேல் வேண்டும். கீழே தீ எரிந்தால் சூடு மேலே எட்டத் தாமதமாகும், எட்டித் தண்ணீர் திறந்தாலும் அது பலகை மேல்தான் கொட்டும். அந்தக் கூடத்தின் ஸ்கைலைட்டே புகை போக்கியாகவும் இருந்தது. பலகைகள் அதையும் மூடிவிட்டன. காப்புக்காகச் செய்த ஒரு மாற்றம், மூன்று பாதுகாப்புகளைச் சத்தமில்லாமல் நீக்கியிருந்தது. நான் அன்றே எழுதிக் கொடுத்தேன்.

அக்ரிலிக்கைப் பெரிய பரப்பில் போட நினைப்பவர்கள், பிரிட்டனுக்கு அருகே உள்ள மேன் தீவில் 1973 ஆகஸ்ட் 2-ஆம் தேதி நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். சம்மர்லாந்து என்ற பொழுதுபோக்குக் கட்டடத்தின் கூரையிலும் சுவரிலும் அக்ரிலிக் தகடுகள் இருந்தன. சுவரின் இடைவெளியில் வளர்ந்த தீ அவற்றைப் பற்றியதும் கட்டடம் முழுக்கப் பரவியது. 50 பேர் இறந்தார்கள்.

கூரைமேல் ஏறும் தொழிலாளர்களுக்காகவும் ஒரு வேண்டுகோள். பழைய பிளாஸ்டிக் ஒளித்தகட்டின் மேல் தூசியும் பெயிண்டும் படிந்துவிட்டால் உலோகத் தகட்டிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. ஒரு கூரையில் தூசியில் பதிந்த செருப்புத் தடம் அப்படிப்பட்ட தகட்டின் விளிம்புக்கு ஒரு சாண் தள்ளிப் போயிருப்பதைப் பார்த்தேன். அந்தத் தகட்டைக் கையால் அழுத்தினாலே நெரிந்தது. கீழே வலையோ மேலே கம்பிக் கூண்டோ இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

நூலகக் கட்டடப் பராமரிப்பாளர்

பார்த்துவிட்டேன், ஐயா. ஸ்பிரிங்க்ளர் பலகைகளுக்குக் கீழே இருக்கிறது. இடைவெளியில் புகை உணர்கருவி இல்லை, அதைக் கேட்டு எழுதியிருக்கிறேன். வடிவமைப்பாளர் சொன்னதைச் சோதிக்கக் கூடத்தில் ஓர் ஈரப்பதமானி, இடைவெளியில் ஒன்று வைத்தேன். விடியற்காலையில் மேலே 95 சதவீதத்தைத் தாண்டுகிறது. காப்பை மேலே மாற்றும் திட்டத்தைத்தான் இப்போது கேட்கிறோம். ஏரோஜெல் நிரப்பிய பலகை என்று ஒருவர் சொன்னார். பயன்படுத்தியவர்கள் உண்டா?

நீச்சல் குளக் கட்டடப் பொறுப்பாளர்

எங்கள் குளத்தின் கூரையில் அதுதான் இருக்கிறது. ஏரோஜெல்லை 1931-இல் அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கிஸ்லர் உருவாக்கினார். பெரும்பகுதி காற்றாலான சிலிக்காத் துகள்கள் அவை. அதன் நுண்துளைகளில் காற்று சுழல இடமில்லை, அதனால் பலகை படுத்திருந்தாலும் காப்பு குறைவதில்லை. 25 மி.மீ. பலகையின் யு மதிப்பு 1-க்குக் கீழே வருகிறது. எங்களைப் போன்ற இடத்துக்கு இது மிகப் பெரிய உதவி. 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்றால் 21 டிகிரியிலேயே துளிர்த்துவிடும். முன்பு இருந்த கூரையில் குளிர்கால மாலைகளில் சட்டமெல்லாம் மழைபோலச் சொட்டும். இப்போது பலகைகள் உலர்ந்திருக்கின்றன, அலுமினிய இணைப்புகளில் மட்டும் கடும் குளிரில் கொஞ்சம் ஈரம் தெரிகிறது.

ஒளி மிக மென்மையானது. தண்ணீரில் வெயில் கூசுவது நின்றதால் உயிர்காப்பாளருக்குக் குளத்தின் அடித்தளம் தெளிவாகத் தெரிகிறது. வானம் தெரியாது, அதற்குத் தயாராக இருங்கள். விலை சாதாரணப் பலகையைவிடப் பல மடங்கு.

பலகைகளைச் சரியான அளவில் வெட்டி, முனைகளை மூடித் தரும்படி தொழிற்சாலையிலேயே கேளுங்கள். எங்கள் இடத்தில் ஓர் ஓரப் பலகை நீளமாக வந்துவிட்டதால் கூரைமேல் அறுத்தார்கள். அறையிலிருந்த துகள்கள் சரசரவென்று கொட்டிப் பறந்தன. அந்தப் பலகையின் மேற்பகுதியில் இன்றும் ஒரு பட்டை மட்டும் வெறுமையாக, பளிச்சென்று தெரிகிறது. சொட்டுவதும் அந்தப் பட்டைக்குக் கீழேதான்.