கனடாவில் நேரில் கேட்ட இசை: மனதை விட்டுப் போகாத ஒரு கணம் இருந்தால் எழுதுங்கள்

கரையோரம்

2016 ஆகஸ்ட் 20, கிங்ஸ்டன். எந்த இரவு என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கனடிய ராக் குழு த ட்ராஜிக்கலி ஹிப்பின் கடைசிக் கச்சேரி. அரங்கத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. நகர மண்டபத்துக்குப் பின்னால் ஸ்பிரிங்கர் சந்தைச் சதுக்கத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள், அங்கே நின்றேன். பாடகர் கோர்ட் டவுனிக்கு மூளையில் புற்றுக்கட்டி, குணப்படுத்த முடியாது என்று மே மாதமே அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் மனிதர் ஊர் ஊராகப் பாடி, தங்கள் சொந்த ஊரில் வந்து முடிக்கிறார். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் ஒவ்வொரு பாட்டும் வரிக்கு வரி தெரிந்திருந்தது. எனக்குப் பல்லவிகள் மட்டும்தான் தெரியும்.

நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு, அரங்கில் இருந்த பிரதமர் ட்ரூடோவின் பெயரைச் சொல்லி, வடக்கே வாழும் பூர்வகுடி மக்களைப் பற்றிப் பேசினார். அங்கே என்ன நடக்கிறது என்று கண்டுகொள்ளாமல் இருக்கவே நம்மை வாழ்நாள் முழுக்கப் பழக்கியிருக்கிறார்கள் என்ற பொருளில். சதுக்கமே கைதட்டியது. என் பக்கத்தில் மணிகள் கோத்த காதணி போட்ட ஒரு பூர்வகுடிப் பெண், அதுவரை தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தவர், கைதட்டவில்லை. திரையை விட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக. என் முகத்தையும். அடுத்த பாட்டு தொடங்கியதும் மறுபடி பாட ஆரம்பித்துவிட்டார்.

குடியுரிமைத் தேர்வுக்கான கையேட்டில், பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்திருந்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி ஒரு சின்னப் பத்தி வரும். அதைப் படித்துத் தேறி, உறுதிமொழியும் எடுத்தவன் நான். அந்தப் பார்வை என்னிடம் என்ன கேட்டது என்று இன்னும் யோசிக்கிறேன். "நீயும் இப்போது இவர்களில் ஒருவன்தானே?" என்றா?

மோர்னிங்சைட்

கரையோரம் அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த இரவை முழு நாட்டின் இரவு என்று எல்லோரும் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியின் ஒளிபரப்பை 1 கோடியே 17 லட்சம் பேர் பார்த்தார்கள் என்பது உண்மைதான். அப்போது நாட்டின் மக்கள்தொகை மூன்றரைக் கோடி. மீதிப்பேர் எங்கே இருந்தார்கள்? நான் ஸ்காபரோவில் படித்த பள்ளியில் ஜமைக்கா, கயானா, பிலிப்பைன்ஸ், ஈழம் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருந்தோம். ஒருத்தர் வாயிலும் அந்த இசைக்குழுவின் பெயர் வந்ததில்லை. 1971 முதல் வானொலி நிலையங்கள் கனடியப் பாட்டு இத்தனை வீதம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முதலில் 30, இப்போது 35 வீதம். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் எத்தனை குழுக்கள் தலையெடுத்திருக்கும்? நல்ல சட்டம், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அந்த 35 வீதத்துக்குள் எங்கள் தெருவின் சத்தம் எவ்வளவு காலம் கழித்து வந்தது என்று கேளுங்கள்.

என் கதை சின்னது. மார்க்கம் வீதியை மறித்து நடக்கும் தமிழ்த் தெருவிழா. மேடையில் ஒரு பொடியன் மிருதங்கம், இன்னொருவன் ராப். ஷான் வின்சென்ட் டி பாலும் யான்சானும் தொடங்கி வைத்த அந்தப் பாணிதான். ராப் என்றால் காதைப் பொத்தும் அம்மா, மிருதங்கச் சொல்லுக்குத் தன்னை அறியாமல் தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பொடியன் யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லி, ஷெல் விழுந்த ஒரு நாளைப் பற்றிச் சொன்னான். அம்மாவின் கை நின்றது.

"இவன் அங்கே பிறந்தவனா?"

"இல்லை அம்மா, இங்கேதான்."

"அப்ப இவனுக்கு யார் சொன்னது?"

எனக்கு அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

சேலம்_மாண்ட்ரியல்

நீங்கள் இருவரும் கனடா எது என்று வாதாடுகிறீர்கள். நான் இருக்கும் ஊரில் அந்தக் கேள்வியே வேறு. 1995 பொதுவாக்கெடுப்பில் பிரிந்து போகலாம் என்று 49.42 சதவீதம் பேர் வாக்களித்த கியூபெக் மாகாணம் இது. ஜூன் 24 சான் ஜான் திருநாள் கச்சேரிக்கு வந்து பாருங்கள். எங்கு திரும்பினாலும் மாகாணத்தின் நீலக் கொடி. சிவப்பு மேப்பிள் இலை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

1975-ல் ஜில் விக்னோ இதே திருநாள் விழாவில், மவுண்ட் ராயல் மலையில், முதல்முறையாகப் பாடிய ஒரு பாட்டு உண்டு. இங்கே அதுதான் பிறந்தநாள் பாட்டும். நடுவில் பிறந்தநாள்காரர் பெயரைச் செருகிப் பாடுவார்கள். போன வருடக் கச்சேரியில் அந்த இடம் வந்தபோது மேடையில் வாத்தியங்களை நிறுத்திவிட்டார்கள். கூட்டம் மட்டும் பாடியது. அந்தப் பாட்டை நான் அறிந்தது அலுவலகத்தில் எனக்கு அவர்கள் பாடியபோதுதான், அதனால் என் பெயரோடு சேர்த்துத்தான் எனக்கு அது தெரியும். அப்படியே பாடினேன். பக்கத்தில் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த சுற்றில் அவரும் "செந்தில்" என்று சேர்த்து, உரக்க, என் முகத்தைப் பார்த்துப் பாடினார். பிறகு அவருடைய குடும்பமே பாடியது. அவர் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேனே என்பதுதான் இன்றுவரை ஆறவில்லை.

சிட்னி_மாணவி

நோவா ஸ்கோஷியா சிட்னியைச் சொல்கிறேன், ஆஸ்திரேலியா இல்லை. கேப் பிரெட்டனில் படிக்கிறேன், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வெஸ்ட் மாபூ மண்டபத்தில் சனிக்கிழமை இரவு சதுர நடனத்துக்குத் தோழி காரில் கூட்டிப் போனாள். ஒரு பிடில், ஒரு பியானோ, அவ்வளவுதான். மரத்தளம் அதிர்ந்தது. எட்டு வயதுப் பையனும் எண்பது வயதுத் தாத்தாவும் ஒரே சதுரத்தில் ஆடினார்கள்.

ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டி வந்து பெயர்கூடக் கேட்காமல், "உன் அப்பா யார்?" என்றார். இங்கே யாரைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் கேட்பார்களாம். எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவில் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பது போலவே இருந்தது. அப்பா பெயரையும் ஊரையும் சொன்னேன். பாட்டி அதை நான்கைந்து முறை சொல்லிப் பார்த்து, நாக்குக்குப் பழகிய பிறகு, என் கையைப் பிடித்து ஒவ்வொருவரிடமும் கூட்டிப் போய், "இது முத்தையாவின் மகள்" என்று அறிமுகப்படுத்தினார். அப்பா போன வருடம்தான் தவறினார். அவர் போன பிறகு, அந்த இரவு வரை, அவர் பெயரை அத்தனை வாய்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து நிலம் இழந்து கப்பலேறிய குடும்பங்கள் இவர்களுடையவை. 1970களின் தொடக்கத்தில் சிபிசி ஓர் ஆவணப்படத்தில், கேப் பிரெட்டன் பிடில்காரர்கள் மறைந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொன்னதாம். ஊருக்கே ரோஷம் வந்து, 1973-ல் கிளெண்டேலில் நூற்றுக்கும் மேற்பட்ட பிடில்காரர்களை ஒரே மேடையில் ஏற்றினார்கள். பாட்டி அன்று அங்கே இருந்திருக்கிறார். அதைச் சொன்னபோது நேற்று நடந்த சண்டையைப் பற்றிச் சொல்வது போல் அவர் குரல் ஏறியது.

ஹாலிஃபாக்ஸ்_ராஜன்

தங்கச்சி, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒருமுறை அந்த மண்டபத்துக்குப் போனேன், ஆடினேன், கால் வலித்தது, திரும்பினேன்.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது கிளம்பினால் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். ராத்திரிப் பேருந்தை நம்பிப் போகாதீர்கள், கார் வேண்டும். திரும்பும்போது நள்ளிரவாகிவிடும். மானும், மூஸ் என்ற பெரிய மானும் சாலையைக் கடக்கும், மூஸின் கண் விளக்கொளியில் மின்னும் என்று நம்பி ஓட்டாதீர்கள், அதன் தலை உங்கள் விளக்குக்கு மேலே இருக்கும். வேகத்தைக் குறையுங்கள். சில இடங்களில் செல்போன் சிக்னல் கிடையாது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். வாசலில் கொடுக்கச் சில்லறைப் பணம் எடுத்துப் போங்கள். தடித்த பூட்ஸோடு ஆட முடியாது, வழுக்கும் அடிப்பாகம் உள்ள லேசான செருப்பு தனியாக வேண்டும். யாராவது கை நீட்டினால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லாதீர்கள். தெரிந்தவர்கள் உங்களைத் தள்ளிக்கொண்டு போவார்கள். கடைசியில் ஒருவர் தனியாக அடிவைத்து ஆடும்போது நடுவில் போய் நிற்காதீர்கள், படம் எடுக்க ஃபிளாஷ் போடாதீர்கள். குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். பெரிய அரங்கக் கச்சேரி என்றால் குழந்தைகளுக்குக் காதுமூடி கட்டாயம், இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்பதில்லை. அக்டோபரில் செல்டிக் கலர்ஸ் விழா நேரத்தில் போவதானால் தங்குமிடத்தைப் பல மாதம் முன்பே பிடியுங்கள்.

பிராண்ட்ஃபோர்ட்_வாசி

கரையோரத்தின் அந்தப் பார்வையைப் படித்ததிலிருந்து எழுத வேண்டும் என்று இருந்தேன். ஜூலை மாதம், சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடி நிலம், கிராண்ட் ரிவர் பவ்வாவ், அதாவது அவர்களின் ஆட்டமும் பாட்டும் கூடும் விழா. முரசைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்து அடித்துக்கொண்டே பாடுகிறார்கள், வெளிவட்டத்தில் நூற்றுக்கணக்கில் ஆட்டக்காரர்கள். திடீரென்று அறிவிப்பாளர் குரல் மாறியது. ஓர் ஆட்டக்காரரின் உடையிலிருந்து கழுகிறகு ஒன்று புல்லில் விழுந்துவிட்டது. எல்லாம் நின்றது. எல்லோரும் எழுந்திருங்கள், தொப்பியைக் கழற்றுங்கள், கேமராக்களை அணையுங்கள் என்றார். போருக்குப் போய் வந்த முதியவர்கள் நான்கு பேர் அந்த இறகைச் சுற்றி ஆடி, பாட்டு முடிந்த பிறகுதான் அதை எடுத்தார்கள். என் மகள் அழுதாள். ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை.

1880களிலிருந்து 1951 வரை பூர்வகுடிச் சடங்குகளையும் ஆட்டங்களையும் இந்த நாட்டின் சட்டம் ஒவ்வொன்றாகத் தடுத்து வைத்திருந்தது. அந்த முதியவர்களில் மூத்தவர் தடை இருந்த காலத்தில் பிறந்தவராகத்தான் இருப்பார். கரையோரம், உங்கள் கேள்விக்கு ஒரு பாடகர் மேடையிலிருந்து சொன்னதில் பதில் தேடாதீர்கள். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், உறைவிடப் பள்ளியிலிருந்து தப்பி ஓடி 1966-ல் ரயில் தண்டவாளத்தோரம் இறந்துபோன 12 வயது சானி வென்ஜாக்கைப் பற்றி ஒரு முழுத் தொகுப்பே பாடிவிட்டுப் போனார். ஆனால் பவ்வாவுக்கு வாசல் திறந்தே இருக்கிறது. எல்லோரும் ஆடலாம் என்று அவர்களே அழைக்கும் சுற்றும் உண்டு. உங்களைப் பார்த்த அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் மேடையில் இருக்கும் இடம் அது.

கரையோரம்

போகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்ல விடுங்கள். அந்தப் பெண் கோபமாகப் பார்க்கவில்லை. அவரும் ஹிப்பின் ரசிகைதான், என்னைவிட நூறு மடங்கு. அவரை அந்தச் சதுக்கத்திலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைக்க எனக்கு மனமில்லை.

ஷட்டர்_தெரு

நான் 90களில் டாக்சி ஓட்டியவன். மாஸ்ஸி ஹால் வாசலில் எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறேன், உள்ளே போனதில்லை. 1894-ல் திறந்த மண்டபம். 2018-ல் புதுப்பிக்க மூடியபோது கடைசியாகப் பாடியவர் கோர்டன் லைட்ஃபுட், 2021 நவம்பரில் திறந்தபோது முதலில் பாடியவரும் அவர்தான். என் மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான்.

அவருக்கு அப்போது 83 வயது. 2002-ல் வயிற்றில் இரத்தக்குழாய் வெடித்து வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடந்து எழுந்தவர். குரல் நூலாக இளைத்திருந்தது. என் பின்வரிசையில் ஒருவர், "குரல் போய்விட்டது, வந்திருக்கவே வேண்டாம்" என்று மனைவியிடம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அதுதான் என்னை இன்னும் அரிக்கிறது. அந்த மண்டபத்தில் அவர் 160 தடவைக்கு மேல் பாடியிருக்கிறார். மூச்சு எட்டாத இடத்தில் அவசரப்படாமல் நிறுத்தி, அடுத்த சொல்லை எடுத்து வைத்தார். குளிர்கால இரவுகளில் வண்டி வானொலியில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் ரொறன்ரோவின் தெருக்களை நான் படித்தேன். 2023 மே 1-ல் அவர் இறந்துவிட்டார். பின்வரிசைக்காரருக்கு அன்றைக்கே திரும்பிப் பதில் சொல்ல நினைத்தேன், லைட்ஃபுட் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார், கேட்க வேண்டியிருந்தது.